பிபி பார்க்கும் வாசலிலேயே நடையையும் பாருங்கள்: வேலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முதியோரின் மூட்டு, நடை, உடல் தளர்ச்சி ஆகியவற்றை ஆராய்வதும், அந்த ஆய்வு சொல்வதை வீட்டுத் திண்ணைவரை கொண்டுபோவதும் எங்கள் தொழில். அதை வைத்து ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வாசலில், 60 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் கால் பலத்தையும் நடை வேகத்தையும் அளந்து எழுத ஏற்பாடு செய்யுங்கள். குறைவாக இருப்பவர்களுக்கு வலுவூட்டும் பயிற்சி போய்ச் சேர வழி செய்யுங்கள். புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. ஒரு நாற்காலி, ஒரு அளவு நாடா, கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. அதற்குப் பிறகு இந்தப் பங்கு கூடித்தான் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றியே வயதானவர்கள், குழித்தறியில் கால் மிதித்தவர்கள், கே.வி.குப்பம், அணைக்கட்டு வயல்களில் நாற்று நட்டுக் குனிந்தவர்கள் என்று உடம்பால் உழைத்துத் தேய்ந்த தலைமுறை இது. எந்தத் தெருவில் கேட்டாலும் "குந்தினா எந்திரிக்க முடியல, முட்டி புடிச்சிக்குது" என்ற பேச்சு காதில் விழும். அதற்கு வீட்டார் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "வயசானா அப்படித்தான்." இந்தப் பதில்தான் எங்களுக்குக் கவலை. முட்டியில் குருத்தெலும்பு தேய்வதை நாம் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த முட்டியைத் தாங்கும் தொடைத் தசையின் பலம் எந்த வயதிலும் திரும்பும். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் பத்துப் பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் கூடுகிற பலம் நம் ஊரில் அறுபத்தைந்தில் கூடாமல் போகுமா?

தளர்ச்சி என்பது முதுமைக்கு இன்னொரு பெயர் இல்லை. அது அளக்கக்கூடிய ஒரு நிலை. லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது (ஒரு வருடத்தில் சுமார் நாலரைக் கிலோ), எதைச் செய்தாலும் களைப்பு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படி. வாசற்படியில் நிற்பவரைத் திருப்புவது எளிது, உள்ளே போனவரை இழுத்து வருவது கடினம். அதனால்தான் முன்கூட்டியே அளக்கச் சொல்கிறோம். எடை மெஷின் இல்லாத வீட்டிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா, வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறதா என்று கேட்டால் போதும். ஜப்பானில் பரவலாகச் செய்யும் இன்னொரு வழியும் உண்டு. அவரவர் இரு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களை வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் எட்டவில்லை என்றால் நல்லது. எட்டி, நடுவில் சந்தும் விழுந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறோம். இதை விரிவாகவே எழுதுகிறோம். அளவு தவறுவது இந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான்.

முதலில் நாற்காலி. உட்காரும் பலகை தரையிலிருந்து 43 முதல் 46 செ.மீ. இருக்க வேண்டும். வீடுகளில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் இதற்கு அருகில் வரும், ஆனால் நடுவில் தொய்ந்திருக்கும். தொய்வு இருந்தால் எழுவது கடினமாகி நேரம் கூடிக் காட்டும். சிமெண்ட் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒருவரையும் உட்கார வைக்கக் கூடாது. ஆயாவோ தாத்தாவோ, அளக்கப்படுபவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். பாதம் வெறுங்காலாக, தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். புடவைக் கொசுவம் காலடியில் மாட்டாதபடி செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் ஒரு தரம் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அத்தோடு நிறுத்தி, "கை ஊன்றாமல் எழ முடியவில்லை" என்று எழுதுங்கள். அதுவே பெரிய தகவல். முடிந்தால், "ஆரம்பிங்கம்மா" என்று சொன்ன நொடியில் நேரத்தைத் தொடங்கி, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, ஐந்தாவது முறை முழுதாக நிமிர்ந்த நொடியில் நிறுத்துங்கள். உட்கார்ந்த பிறகு நிறுத்துவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. அடுத்த தவறு, பாதி எழுந்ததையும் கணக்கில் சேர்ப்பது. முட்டி மடங்கியே இருந்தால் அது எழுந்ததாகாது. இன்னொன்று, பக்கத்தில் நிற்கும் மருமகளோ பேரனோ அன்பினால் கையை நீட்டுவது. முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

ஆசிய நாடுகளின் தசை இழப்பு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த எல்லை 12 நொடி. அதற்குள் முடித்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் கையேடு 14 நொடியை எல்லையாக வைக்கிறது. களத்துக்கு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: 12க்குள் முடித்தவருக்குப் பாராட்டும் ஆறு மாதத்தில் மறு அளவும், 12க்கும் 14க்கும் இடையில் இருப்பவருக்குத் தன்னார்வலரே கற்றுத்தரும் பயிற்சி, 14ஐத் தாண்டியவருக்கும், ஐந்து முறை முடிக்காதவருக்கும், கை ஊன்றாமல் எழ முடியாதவருக்கும் இயன்முறை சிகிச்சையாளரின் வருகை.

அடுத்து நடை. இதற்கு மொத்தம் ஆறு மீட்டர் நேர்வழி வேண்டும், அது பல வீடுகளில் கிடையாது. வீட்டில் இல்லாவிட்டால் தெருவில் கிடைக்கும். சாக்பீஸால் இரண்டு கோடுகள் நாலு மீட்டர் இடைவெளியில் போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்தே நடக்கச் சொல்லுங்கள், கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர்வரை போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோட்டுக்கு வரும்போதே கால் தானாகத் தயங்கும், அளவு கெடும். "கடைக்குப் போற மாதிரி சாதாரணமா நடங்க" என்பதே சரியான கட்டளை. "வேகமா" என்ற சொல் வரக் கூடாது. தடி பிடித்து நடப்பவர் தடியோடே நடக்கட்டும், அதையும் குறியுங்கள். இரண்டு முறை அளந்து, குறைந்த நேரத்தை எழுதுங்கள். நாலு மீட்டரை நாலு நொடிக்குள் கடந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குக் குறையாது. அதே ஆசியக் குழு நடைக்கு வைத்த எல்லை அதுதான். ஐந்து நொடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டியவர்.

நேரத்தைத் தசம எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். நடை வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் கூடினாலே அது வாழ்வில் தெரியக்கூடிய முன்னேற்றம் என்பது ஆய்வுகள் ஒப்புக்கொண்ட கணக்கு. ஐந்து நொடியில் நடந்தவர் மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் 4.4 நொடியில் நடந்தால் அந்த முன்னேற்றம் வந்துவிட்டது. நோட்டில் "5" என்றும் "4" என்றும் எழுதினால் எவ்வளவு முன்னேறினார் என்று யாருக்கும் தெரியாது. "நடக்கிறார்: ஆம் / இல்லை" என்று டிக் போடும் படிவம் இன்னும் மோசம். அதை ஏற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை 34,485 முதியவர்களின் தகவலை வைத்து 2011இல் அமெரிக்காவில் காட்டினார்கள். நம் மாவட்டத்து எண்கள் ஒழுங்காகச் சேர்ந்தால், வேலூர் மக்களுக்கு எந்த எல்லை பொருந்தும் என்பதை நாமே சொல்லலாம். அந்தப் பகுப்பாய்வைச் செய்துதர நாங்கள் தயார். பெயரும் முகவரியும் எங்களுக்கு வேண்டாம். வயது, பாலினம், ஒன்றியம், நொடிகள் போதும்.

நெஞ்சு வலி இருப்பவர், அண்மையில் பக்கவாதம் வந்தவர், பிபி 180/110ஐத் தாண்டியவர், முட்டி சூடாக வீங்கியிருப்பவர், நிற்கும்போதே தலை சுற்றுபவர், இவர்களை அன்று அளக்கக் கூடாது. தலை சுற்றல் என்றதும் ஒன்று. தன்னார்வலர் பிபியை உட்கார வைத்து மட்டும் பார்க்கிறார். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் பார்த்தால், மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் விடியற்காலையில் பாத்ரூம் போக எழுபவர் விழுவதற்கான காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களில், தண்ணீர் குறைந்த உடம்பில் அதே பிபி மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். மாத்திரையைத் தானாக நிறுத்தச் சொல்லாமல், மருத்துவ அலுவலரிடம் அளவைக் காட்ட ஏற்பாடு வேண்டும். "போன வருஷத்துல எங்கயாவது விழுந்தீங்களா?" என்ற கேள்வியை வீட்டார் இல்லாதபோது கேளுங்கள். வெளியே விடமாட்டார்கள் என்ற பயத்தில் விழுந்ததை மறைப்பவர்கள் நிறைய.

அளந்தாகிவிட்டது. பிறகு? அளப்பதோடு நின்றால் இந்த மடலே வீண். கரண்ட் வைக்கும் சிகிச்சை, சூடு வைக்கும் சிகிச்சை என்று பத்து நாள் அலைய வைத்து அனுப்புவதில் வலி கொஞ்ச நாள் அடங்கும், தசைக்கு ஒரு கிராம் பலமும் சேராது. சும்மா காலை மடக்கி நீட்டுவதும் அப்படியே. தசை வளர பாரம் வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சி முறை முதியோர் விழுவதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. அதன் சாரம் காலில் கட்டும் எடை, சமநிலைப் பயிற்சி, நடை. அதை நம் வீட்டுப் பொருளால் செய்யலாம். பழைய லுங்கித் துணியில் இரண்டு பை தைத்து, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ சலித்த மணல் போட்டு, கணுக்காலுக்கு மேல் கட்டும்படி நாடா வையுங்கள். மணலை நெகிழிப் பையில் போட்டு உள்ளே வைக்காவிட்டால் தையல் வழியே கசியும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி மூன்று எண்ணும்வரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. இரண்டு சுற்றும் சுலபமாகிவிட்டால் இன்னும் அரைக் கிலோ. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது பத்து முறை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்தில் தொடங்கிப் பத்துவரை; எழ முடியாதவருக்கு உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திக் கொடுங்கள், பலம் வர வர ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசியாக, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொன்றின் விரலோடு ஒட்டி வைத்து பத்து நொடி நிற்பது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலை ஆறு மணி அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

வலிக்கு ஒரு கணக்கு சொல்லித்தர வேண்டும். பத்துக்கு ஐந்துவரை வலித்தால் செய்யலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. இதைச் சொல்லாததால்தான் முதல் வாரத்தில் முட்டி வலித்ததும் "இது நமக்கு ஒத்துக்கல" என்று பையை மூலையில் போடுகிறார்கள். இன்னொரு சரிவு மூன்றாவது வாரத்தில் வரும். பலம் இன்னும் தெரியாது, ஆர்வம் போயிருக்கும். தன்னார்வலரின் இரண்டாவது வருகை அந்த வாரத்தில் விழுமாறு அட்டவணை போடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவது பிபிக்கு ஆகாது. வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையோடு பிபி மாத்திரைகளில் சில வகையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். பெயர் தெரியாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்து கொடுப்பதும் நடக்கிறது. அது வலியை மறைத்துவிட்டு எலும்பையும் தசையையும் கரைக்கும். தன்னார்வலரின் நோட்டில் "வேறு வலி மாத்திரை எடுக்கிறாரா?" என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும்.

தடி. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017 முதல் முதியோருக்குத் தடி, வாக்கர் கொடுக்கிறது. அளவு பார்க்காமல் கொடுத்த தடி ஆளைக் கூன வைக்கும் அல்லது தோளைத் தூக்க வைக்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். இதைக் கேட்டதும் பலரும் தலையை ஆட்ட மறுப்பார்கள், நடந்து பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள். அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈரத் தரையில் தடியே ஆளைத் தள்ளும். மாற்று ரப்பர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நடை தடுமாறும், புண் வந்தாலும் தெரியாது. உணர்ச்சியற்ற பாதத்துக்கு எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பரில் செருப்பு செய்து கொடுத்து வழிகாட்டிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்த பாகாயமும் இங்கேதான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு அறிவு சுற்றிலும் இருக்கும்போது கிராமத்து முதியவர் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பயிற்சி செய்யும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் புரதம் நாளுக்குத் தேவை. ஐம்பது கிலோ ஆயாவுக்கு 50 முதல் 60 கிராம். காலையில் கேவுரு கூழ், மதியம் ரசம் சோறு, இரவு இரண்டு இட்லி என்றால் பாதிகூடத் தேறாது. ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் பருப்புதான் விழும், புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. ஒரு முட்டை ஆறு கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆறு கிராம், ஒரு டம்ளர் பால் ஆறு கிராம். பல் இல்லாதவருக்கு வேர்க்கடலையை இடித்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். சத்துணவில் முட்டை வந்ததைப் போல, 14 நொடியைத் தாண்டிய முதியவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை கிடைக்க வழி உண்டா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

ரேஷன் பொருளை முதியவர் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தை மனமார வரவேற்கிறோம். ஆனால் ரேஷன் கடைக்குப் போய் வருவதுதான் சிலருக்கு வாரத்தில் இருக்கும் ஒரே நடை. பொருளை வண்டி கொண்டு வரட்டும். ஆயாவும் தாத்தாவும் வெறுங்கையோடு தெருமுனைவரை போய் வரட்டும். அந்த வழியில் நூறு மீட்டருக்கு ஒரு திண்டு, நிழலில், 45 செ.மீ. உயரத்தில், எழுவதற்குக் கைப்பிடியோடு இருந்தால் நடை நீளும். இப்போது போடப்படும் சிமெண்ட் பெஞ்சுகள் பலவற்றில் கைப்பிடியே இல்லை.

இதைத் தொடங்க இரண்டு இடங்களைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று குடியாத்தம்: பீடி, தறி வேலையில் மணிக்கணக்கில் ஒரே இருப்பில் இருக்கும் பெண்கள் அதிகம். அங்கே அறுபதுக்குக் காத்திராமல் ஐம்பதிலிருந்தே அளக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை முறத்தை இறக்கி வைத்து ஐந்து தரம் எழுந்து உட்காரும் பழக்கத்தையும் கொண்டுவரலாம். மற்றொன்று அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைக் கிராமங்கள், பீஞ்சமந்தை பக்கம். இயன்முறை சிகிச்சையாளர் வாராவாரம் மலையேற முடியாது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியருக்குப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒருமுறை சிகிச்சையாளர் போனால் போதும்.

தன்னார்வலர்களுக்கான பயிற்சி ஒரு நாளில் முடியும். காலையில் ஒருவரையொருவர் அளந்து பழகுவார்கள். மதியம் அக்கம்பக்கத்து முதியவர்கள் பத்துப் பேரை இரண்டிரண்டு பேராகத் தனித்தனியே அளப்பார்கள். இருவர் எழுதிய நேரத்துக்கு இடையில் அரை நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பயிற்சியை நாங்கள் கட்டணமின்றி நடத்தித் தருகிறோம். உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது, ஒன்றியத்துக்கு ஒரு நாள், ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தன்னார்வலர்களுக்கு அந்த நாளின் ஊதியம், மக்களைத் தேடி மருத்துவம் நோட்டில் நாலு கட்டங்கள்: எழுந்து உட்கார்ந்த நொடி, நடந்த நொடி, விழுந்தாரா, தடி உண்டா.

இப்படிக்கு,
முதியோர் மூட்டு, நடை, தளர்ச்சி குறித்து ஆய்வு செய்யும் ஆசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும்,
வேலூர்